ரைட் ஃபீல்டில் ரொபெர்டோ கிளெமென்டே: கேள்வி பதில்

கேள்வி: சார், நான் கிரிக்கெட் மட்டும் பார்ப்பவன். பேஸ்பாலில் அவுட்ஃபீல்டர் என்றால் பவுண்டரிப் பக்கம் நிற்பவர்தானே? அங்கே நின்ற கிளெமென்டேயை இத்தனை வருடம் கழித்தும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

பதில்: ஏறக்குறைய அதே வேலைதான். பேஸ்பாலில் லெஃப்ட், சென்டர், ரைட் என்று மூன்று பேர் வெளியே நிற்பார்கள். மூவரில் ரைட் ஃபீல்டருக்குத்தான் கை பலம் அதிகம் வேண்டும். காரணம் எளிது. பேட் பிடித்தவர் பேஸ் என்ற நான்கு இடங்களை வரிசையாகத் தொட்டு ஓடி, கடைசியான ஹோமுக்கு வந்தால்தான் ரன். அவர் நிற்கும் இடத்திலிருந்து மூன்றாம் பேஸ் வெகு தூரம். முதல் பேஸில் நிற்பவர், பந்து ரைட் ஃபீல்டுக்குப் போனதும் இரண்டாம் பேஸைத் தாண்டி மூன்றாவதுக்கும் ஓடப் பார்ப்பார். அவருக்கு முன்னால் பந்து அங்கே போய்ச் சேர வேண்டும்.

பள்ளி நாட்களில் ஈட்டி எறிந்து பழகியவர் கிளெமென்டே. அவருடைய எறிதலால் ஆட்டக்காரர்கள் அவுட்டான கணக்கு 266. 1961 முதல் 1972 வரை ஒரு வருடம்கூட விடாமல் 12 கோல்ட் குளவ் விருதுகள், அதாவது சிறந்த ஃபீல்டிங்குக்கான விருதுகள். அவுட்ஃபீல்டர்களில் அந்த எண்ணிக்கையைத் தொட்டவர் அவரைத் தவிர வில்லி மேஸ் ஒருவர்தான். ஆனால் எனக்கு இந்தக் கணக்கைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. பந்து அவர் கைக்குப் போனதும், ஓடலாமா என்று நினைத்து ஓடாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். அதை எந்த ஏட்டிலும் எழுதுவதில்லை.

கேள்வி: அண்ணா, முதலில் அவரை எடுத்தது புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி என்று படித்தேன். அப்புறம் எப்படி பிட்ஸ்பர்க் போனார்?

பதில்: 1954 பிப்ரவரியில் டாட்ஜர்ஸ் 10,000 டாலர் போனஸ் கொடுத்து அவரை எடுத்தது. அப்போது அவருக்கு 19 வயது. போர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊர், ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி, அப்பா கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. அன்றைய விதிப்படி, 4,000 டாலருக்கு மேல் போனஸ் வாங்கிய புதியவரை மேல் அணியில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வருடக் கடைசியில் வேறு அணி தூக்கிக்கொண்டு போகலாம். டாட்ஜர்ஸ் அவரை மொன்ட்ரியாலில் இருந்த கிளை அணிக்கு அனுப்பியது. அங்கே அதிகம் ஆட விடவும் இல்லை.

பிட்ஸ்பர்க் பைரட்ஸின் ஆள்தேடுபவர் கிளைட் சுக்ஃபோர்த் வேறொரு பந்துவீச்சாளரைப் பார்க்கத்தான் வந்தார். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் இந்தப் பையன் எறிவதைப் பார்த்தார். அவ்வளவுதான். 1954-ல் கடைசி இடம் பிடித்த அணி என்பதால் முதல் தேர்வு பைரட்ஸுக்கு. 4,000 டாலருக்கு எடுத்தார்கள். 1955-ல் ஆடத் தொடங்கியவர் கடைசி வரை, 18 பருவங்கள், அந்த ஒரே அணிக்குத்தான் ஆடினார்.

கேள்வி: ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் அட்டைகளில் ‘பாப் கிளெமென்டே’ என்று இருக்கிறதே, அதுவும் அவர்தானா?

பதில்: அவர்தான். அந்தப் பெயரை அவர் வைத்துக்கொள்ளவில்லை, மற்றவர்கள் ஒட்டினார்கள். ரொபெர்டோ என்று சொல்ல அமெரிக்கர்களுக்கு வாய் வரவில்லையாம்! என் பெயர் ரொபெர்டோ என்று அவர் திருத்திக்கொண்டே இருந்தார். கறுப்பர், அதோடு ஸ்பானிஷ் பேசுபவர் என்று இரண்டு பக்கமும் அடி. அவருடைய ஆங்கில உச்சரிப்பைச் செய்தித்தாள்கள் அப்படியே எழுத்தில் போட்டுக் கேலி செய்தன. 1954 கடைசியில் கார் விபத்தில் முதுகு அடிபட்டிருந்தது. வலிக்கிறது என்றால் நடிக்கிறான் என்றார்கள். அந்த முதுகோடுதான் 2,433 ஆட்டங்கள் ஆடினார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: 240 ஹோம் ரன்தானே (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்திருக்கிறார்? ஜாம்பவான்களோடு வைத்தால் குறைவில்லையா?

பதில்: மைதானத்தையும் பார்க்க வேண்டும். பிட்ஸ்பர்க்கின் பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் இடது-நடுப் பக்கம் சுவர் 457 அடி தள்ளி இருந்தது. வலக்கை பேட்டர் அங்கே தூக்கி அடித்துப் பயனில்லை. அதனால் பந்தை இடைவெளி பார்த்து விரட்டினார், வலது பக்கம் நிறைய அடித்தார். நான்கு முறை பேட்டிங் சராசரியில் லீக்கிலேயே முதலிடம், 1966-ல் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர். வாழ்நாள் சராசரி ஆயிரத்துக்கு 317 ஹிட், அதாவது பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்ந்தது. இந்த ஆட்டத்தில் 300 என்றாலே பெரிது.

கேள்வி: சரியாக 3,000 ஹிட் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. 1972 செப்டம்பர் 30, நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜான் மேட்லாக் வீச, ஒரு டபுள், அதாவது இரண்டாம் பேஸ் வரை போன ஹிட். அதற்கப்புறம், கணக்கில் சேரும் வழக்கமான பருவ ஆட்டத்தில் அவர் பேட் பிடிக்கவே இல்லை.

கேள்வி: ஐயா, அவர் இறந்தது எப்படி?

பதில்: 1972 டிசம்பர் 23, நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. சில வாரங்களுக்கு முன்புதான் போர்ட்டோ ரிக்கோ அமெச்சூர் அணிக்கு மேலாளராக அவர் அங்கே போய்த் தங்கியிருந்தார். அவருக்கு அது முகம் தெரிந்த ஊர். போர்ட்டோ ரிக்கோவில் நிவாரணப் பொருள் திரட்டும் வேலையைத் தானே தலைமை ஏற்று நடத்தினார். அனுப்பியவை மக்களுக்குப் போகாமல் நிகராகுவாவின் சர்வாதிகாரி சொமோசாவின் ஆட்கள் கையில் சிக்குகின்றன என்று செய்தி வந்தது. நான் கூடப் போனால் தொடமாட்டார்கள் என்று கிளம்பினார்.

டிசம்பர் 31 இரவு. பழைய டிசி-7 சரக்கு விமானம், அளவுக்கு மீறிய பாரம். சான் ஹுவானிலிருந்து எழும்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. ஐந்து பேரும் போய்விட்டார்கள். அவர் உடல் கிடைக்கவே இல்லை. அவருக்கு 38 வயது. மனைவி வேராவும் மூன்று சின்னப் பையன்களும் வீட்டில். நினைவுக் கூட்டத்துக்கு அணி முழுவதும் வந்தபோது கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் போல) மேனி சாங்கியென் மட்டும் வரவில்லை. அவர் கடலில் மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார்.

பேஸ்பாலின் பெருமைமிகு ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர, ஆட்டம் விட்டபின் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தி 1973-லேயே சேர்த்தார்கள். அங்கே சேர்ந்த முதல் லத்தீன் அமெரிக்கர் அவர்தான்.

கேள்வி: என் மகள் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள், அவுட்ஃபீல்டில்தான் நிற்கிறாள். ஒரே ஒரு ஆட்டம் காட்டுவதென்றால் எதைக் காட்டலாம்?

பதில்: 1971 வேர்ல்டு சீரிஸ், அதாவது அந்த வருடத்தின் இறுதித் தொடர். பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு எதிராக ஏழு ஆட்டத்திலும் ஹிட் அடித்தார், தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். வென்றபின் தொலைக்காட்சியில் ஆங்கிலத்துக்கு முன் ஸ்பானிஷில் பேசி, அப்பா அம்மாவிடம் ஆசி கேட்டார். அதையும் காட்டுங்கள். ஆனால் மகளுக்கு முதலில் ஆறாவது ஆட்டத்தைப் போடுங்கள். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், 2-2 சமம், பந்து வலது மூலைக்குப் போகிறது. முதல் பேஸிலிருந்து கிளம்பிய பால்டிமோரின் மார்க் பெலாஞ்சர் ஹோமுக்கு வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. கிளெமென்டே மூலையில் எடுத்துச் சுழன்று எறிகிறார். பந்து ஒரே குத்தில் சாங்கியென் கையில். யாரும் அவுட் ஆகவில்லை. பெலாஞ்சர் மூன்றாம் பேஸிலேயே நின்றுவிட்டார்.