ஒரே ஆசிரியர், இரண்டு பாடங்கள்: கிராமப் பள்ளிக்கு ஆயத்தமாவது குறித்த கேள்வி பதில்

ஆசிரியர் பயிற்சிப் பணியில் நெடுங்காலம் இருந்த ஒருவர், கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் கற்பிப்பது பற்றிய கேள்விகளுக்கு அளித்த விடைகள்.

கேள்வி (பி.எட். மாணவி, விழுப்புரம் மாவட்டம்): ஐயா, நான் கணிதப் பட்டதாரி. சிறிய பள்ளிக்குப் போனால் அறிவியலும் நானே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்களே?

பதில்: ஆம், அம்மா. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ‘அறிவியல் மற்றும் கணிதம்’ என்று இரண்டையும் சேர்த்து, குறைந்தது ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும் அவ்விரு பாடங்களுக்கும் சேர்த்துத்தான் 60 மதிப்பெண். ஆனால் பட்டப்படிப்பில் நாம் ஒரு பாடத்துக்குள்ளேயே வளர்ந்து வருகிறோம் என்பதால், மின்சுற்றையோ மகரந்தச் சேர்க்கையையோ பள்ளி நாள்களுக்குப் பிறகு திரும்பிப் பாராதவர் அதையே கற்பிக்க நேரிடுகிறது. பயிற்சிக் காலத்திலேயே மூன்று வகுப்புகளின் அறிவியல் நூல்களையும் முழுமையாகப் படித்து, அவற்றிலுள்ள செயல்பாடுகளை ஒரு முறையேனும் உங்கள் கையால் செய்து பாருங்கள். பாடம் எங்கே தடுக்கும் என்பது வாசிப்பதில் தெரியாது, செய்யும்போதுதான் தெரியும்.

கேள்வி (அதே மாணவி): கற்பித்தல் பயிற்சியை எந்தப் பள்ளியில் மேற்கொள்வது நல்லது?

பதில்: இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளி அனுபவத்துக்கென 20 வாரங்கள் உள்ளன. கல்லூரிக்கு அருகிலுள்ள பெரிய பள்ளியில் அவற்றைக் கழிப்பது வசதிதான். ஆயினும் ஈராசிரியர் பள்ளியில் சில வாரங்களேனும் இருக்கக் கல்லூரியிடம் அனுமதி கேளுங்கள். அங்கே ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் அமர்ந்திருப்பதைக் கையாளக் கற்றவருக்குப் பெரிய பள்ளி எளிது, மறுதலை உண்மையன்று.

கேள்வி (பட்டதாரி ஆசிரியர், கல்வராயன் மலை): என் மாணவர்கள் 0.6ஐ விட 0.45 பெரியது என்கிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் மாறவில்லை.

பதில்: 45 என்பது 6ஐ விடப் பெரியது என்ற, முழு எண்களில் சரியாக இருந்த விதியைத்தான் அவர்கள் இங்கும் கொண்டு வருகிறார்கள். ‘0.6ஐ 0.60 என்று எழுதிப் பார்’ என்று சொல்லிக்கொடுத்தால் விடை சரியாகிவிடும், எண்ணம் மாறாது. கட்டத்தாளில் பத்துக்குப் பத்தாக ஒரு சதுரம் வரையச் சொல்லி, அதுதான் ஒன்று என்று ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். 0.6க்கு ஆறு நிரல்களும், 0.45க்கு நான்கு நிரல்களும் ஐந்து சிறு கட்டங்களும் வண்ணம் பூசியபின், எது பெரியது என்று அவர்களே சொல்லட்டும். அதன்பிறகு 0.3ஐயும் 0.28ஐயும் கட்டத்தாளின்றி ஒப்பிடச் சொல்லுங்கள். எண்ணம் மாறியதா, படத்தைப் பார்த்துச் சொன்னார்களா என்பது அப்போது விளங்கும். பயிற்சி நிறுவனங்கள் மிகுந்த நேரம் செலவிட வேண்டியது இத்தகைய பிழைகளின் மீதே என்பது என் உறுதியான கருத்து. பாடத்திட்டக் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாக எழுதச் செய்வதில் போகும் நேரத்தில் பாதியை இதற்குத் தரலாம்.

கேள்வி (ஆசிரியை, இராமநாதபுரம் மாவட்டம்): எங்களுக்கு ஆய்வகம் இல்லை. 6, 7, 8 மூன்றும் ஒரே அறை.

பதில்: ஒரு மீட்டர் நீளக் கம்பை வெயிலில் செங்குத்தாக நட்டு, 11 மணி முதல் 1 மணி வரை கால் மணிக்கு ஒரு முறை நிழல் நுனியைக் குறிக்கச் செய்யுங்கள். ஆறாம் வகுப்பு அளந்து அட்டவணையிடும். ஏழாம் வகுப்பு, நிழல் 40 செ.மீ. இருக்கும் நேரத்தில் 4.8 மீட்டர் நிழல் விழும் தென்னையின் உயரம் 12 மீட்டர் என்று விகிதத்தால் காணும். எட்டாம் வகுப்பு வரைபடம் வரைந்து மிகக் குறுகிய நிழலின் நேரத்தைக் கண்டறியும். அந்நிழலின் கோடுதான் வடக்கு தெற்கு. நண்பகல் சூரியன் எப்போதும் நேர் உச்சியில் இருக்கும் என்ற நம்பிக்கையும் இதில் உடையும். நம் மாநிலத்தில் ஓர் ஊருக்கு அது ஆண்டில் இரண்டே நாள்தான். முதலாவது ஏப்ரலில், தேர்வுப் பரபரப்பில் போய்விடும், இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கல்வியியல் ஆய்வு மாணவர்): கிராமப்புறத்துக்கென ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தி, நீடித்து நடந்த முயற்சி ஏதேனும் உண்டா?

பதில்: மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைச் சொல்வேன். 1972இல் கிஷோர் பாரதி என்ற தன்னார்வ அமைப்பும் ரசூலியா என்ற ஊரின் நண்பர்கள் கிராம மையமும் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கின. 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் உருவான ஏகலைவ்யா அமைப்பு பின்னர் அதைப் பொறுப்பேற்றது. மாணவர் செய்யவிருந்த சோதனைகளை ஆசிரியர்கள் முதலில் தாமே செய்து, விளைவுகளை விவாதித்தனர். பள்ளி தொடங்கிய பின்னும் மாதந்தோறும் கூடித் தங்கள் வகுப்பில் எழுந்த சிக்கல்களைப் பேசினர். தேர்வறைக்குப் புத்தகத்தைக் கொண்டு செல்லவும் மாணவருக்கு அனுமதி இருந்தது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. முப்பதாண்டு உழைப்பும் ஓர் ஆணையில் நின்றுவிட முடியும் என்பதையும் உங்கள் ஆய்வில் எழுதுங்கள்.

கேள்வி (தலைமையாசிரியர்): பயிற்சி பெற்றவர்களும் பொது மாறுதல் கலந்தாய்வில் சென்றுவிடுகிறார்களே?

பதில்: அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாடகைக்கு வீடும் மாலையில் ஒரு பேருந்தும் இல்லாத ஊரில் தனியாக இரண்டு பாடங்களைச் சுமப்பவருக்குப் பயிற்சி மட்டும் போதாது. உங்களால் இயல்வது ஒன்றுண்டு, ஐயா: அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் படிவங்களுக்குச் செலவாகும் நேரத்தில் ஒரு மணியை ஒதுக்கி, அவற்றின் கணித, அறிவியல் ஆசிரியர்கள் தத்தம் மாணவரின் விடைத்தாள்களைக் கொண்டுவந்து ஒன்றாகப் பார்க்கச் செய்யுங்கள்.