ஆய்வு மாணவரின் மாதக் கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

(முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் எழுதிய கடிதங்களில், செலவையும் சிக்கனத்தையும் பற்றியவை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டிருக்கின்றன.)

கேள்வி: ஐயா, நான் சென்னையில் வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்கிறேன். ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைத்திருக்கிறது, ஆனால் பணம் மாதாமாதம் வருவதில்லை. மூன்று, நான்கு மாதத் தொகை சேர்ந்தாற்போல் வருகிறது. வந்த அன்றே ஒரு பங்கை ஊருக்கு அனுப்பிவிடுகிறேன். அதற்குப் பிறகு தோழிகளோடு காபி குடிக்கப் போனாலும், நடைபாதையில் ஒரு பழைய புத்தகம் வாங்கினாலும், இரவெல்லாம் மனம் உறுத்துகிறது. இவற்றை அடியோடு நிறுத்திவிடலாமா?
— ஆய்வு மாணவி, திருவல்லிக்கேணி

பதில்: நிறுத்த வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள், அம்மா. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு முடிந்து முதுநிலை ஆய்வாளராக உயர்த்தப்பட்டால் 42,000. ஒரு காபி 20 ரூபாய் என்று வைத்து, மாதத்தில் 25 நாள் குடித்தாலும் 500 ரூபாய்தான் ஆகிறது. அது உங்கள் வருவாயில் நூற்றுக்கு ஒன்றரை பங்குகூட இல்லை. அதை வெட்டி நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது ஒன்றுமில்லை. நாள் முழுவதும் ஆவணங்களின் தூசியில் உட்கார்ந்துவிட்டு வரும் ஒருவருக்கு, மனிதர்களோடு பேசக் கிடைக்கும் அரைமணி நேரத்தைத்தான் இழப்பீர்கள்.

உங்கள் கையைக் கடிப்பது காபி அல்ல, பணம் வந்துசேரும் விதம். நான்கு மாதத் தொகை, அதாவது 1,48,000 ரூபாய், ஒரே நாளில் கணக்கில் விழும்போது எவருக்கும் தாம் வசதியாகிவிட்டதாகத் தோன்றும். பழைய கைமாற்றைத் தீர்ப்பது, ஊருக்கு அனுப்புவது, தவணையில் புதுக் கைப்பேசி எடுப்பது எல்லாம் அந்த ஒரு வாரத்திலேயே நடந்துவிடும். அடுத்த தொகை எப்போது வரும் என்பது மட்டும் தெரியாது. ஆகவே இரண்டு வங்கிக் கணக்குகள் வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை ஒன்றில் வந்து கிடக்கட்டும். அதிலிருந்து மாதத்தின் முதல் தேதியில் ஒரு குறிப்பிட்ட தொகையை, சம்பளம் கொடுப்பதுபோல், மற்றதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் முதல் கணக்கில் எப்போதும் இருக்கும் என்ற நிலை வரும்வரை, பெரிய செலவு எதையும் தொடாதீர்கள். பெற்றோருக்கு அனுப்புவதும் அப்படியே: மொத்தமாக வரும்போது பெரிய தொகையும், இடையில் ஒன்றுமில்லாமலும் இருப்பதைவிட, சிறியதாக இருந்தாலும் ஐந்தாம் தேதிக்குள் தவறாமல் போய்ச் சேரும் தொகைதான் வீட்டை நடத்துபவர்களுக்கு உதவும்.

காபிக்கும் புத்தகத்துக்கும், அப்படி மாற்றிக்கொள்ளும் மாதத் தொகையிலேயே ஓர் ஒதுக்கீடு செய்துவிடுங்கள். ஒதுக்கியதைச் செலவழிப்பதில் உறுத்தலுக்கு இடமில்லை. உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தரமணி ஆராய்ச்சி நூலகத்துக்கும் அப்படிப்பட்ட பேருந்துகளில் போய்வந்தாலே உங்கள் மாதக் காபிச் செலவு மிச்சமாகிவிடும். பிறகு எதற்குக் கவலை?

புத்தகத்துக்கு வருகிறேன். வரலாறு, மொழி போன்ற கலைத் துறைகளிலும் சமூக அறிவியல் துறைகளிலும் ஜே.ஆர்.எஃப். பெறுபவர்களுக்குச் சில்லறைச் செலவு நிதி என்று முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாயும் அதற்குப் பின் 20,500 ரூபாயும் தனியாக உண்டு. ஜெராக்ஸ், எழுதுபொருள், களப்பயணம் போன்றவற்றுக்கு அதில் கேட்டுப் பெறலாம். புத்தகங்களுக்கு உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி என்னவென்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பணத்தைப் பலர் கைவிடுவதற்குக் காரணம் பில் இல்லாமைதான். ஜெராக்ஸ் கடைக்காரர் துண்டுத்தாளில் கூட்டிக்காட்டும் தொகைக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அங்கேயே நின்று, தேதியும் கடை முத்திரையும் உள்ள பில் கேட்டு வாங்குங்கள். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைத்தாலும் போதும்.

எந்தப் புத்தகத்தையும் விலைக்கு வாங்குமுன் கன்னிமாரா நூலகத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. 1896-இல் திறக்கப்பட்ட அந்த நூலகத்துக்கு, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி அனுப்பப்பட வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். பழைய தமிழ் இதழ்களுக்கும் சிறுவெளியீடுகளுக்கும் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கவே இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்தவற்றை மூலமாகக் கொண்டு 1994-இல் உருவான நூலகம் அது. பிறருடைய ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’ தளத்திலும், அரிய தமிழ் நூல்களைத் தமிழ் மின்னூலகத்திலும் காசில்லாமலேயே படிக்கலாம்.

ஆனாலும் பாரதி சாலை நடைபாதையில் குந்தியிருந்து புத்தகம் பொறுக்குவதை நான் உங்களுக்கு மறுக்கமாட்டேன். பைகிராப்ட்ஸ் சாலை என்று இன்னமும் அழைக்கப்படும் அந்தத் தெருவில், முதுகு கிழிந்த நூல் ஒன்றைப் பிரித்தால், முதல் பக்கத்தில் ஊதா மையில் ஒருவர் பெயரும் வாங்கிய தேதியும் இருக்கும். உள்ளே ஏதோ ஒரு வாசகசாலையின் முட்டைவடிவ முத்திரை பாதி அழிந்து கிடக்கும். ஓரத்தில் ஆசிரியரோடு சண்டை பிடித்து யாரோ பென்சிலில் எழுதியிருப்பார். வரலாறு படிக்கும் உங்களுக்கு இது பொழுதுபோக்கு மட்டுமல்ல, சான்றும்தான். கடைக்காரர் சொல்லும் விலையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற தொகையை மட்டும் கையில் எடுத்துப் போங்கள். ஜிபேயை நம்பிப் போகாதீர்கள்.

கேள்வி: என் மகன் ஹைதராபாத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்கிறான். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைக்காததால் மாதம் 8,000 ரூபாய்தான் வருகிறதாம். போனில் எப்போது கேட்டாலும் “சாப்பிட்டேன்மா” என்கிறான். விடுமுறைக்கு வந்தபோது பார்த்தால் கன்னம் ஒட்டியிருக்கிறது. பணம் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுகிறான். என்ன செய்ய?
— ஒரு தாய், மன்னார்குடி

பதில்: மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஜே.ஆர்.எஃப். இல்லாத முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கொடுக்கப்படும் அந்த 8,000 ரூபாய், விலைவாசி எங்கேயோ போன பிறகும், பல ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்கிறது. அதில் விடுதி மெஸ் பில் போக மிஞ்சுவதில்தான் சோப்பிலிருந்து ரயில் டிக்கெட் வரை எல்லாம் நடந்தாக வேண்டும். இதில் உங்கள் மகனுடைய சிக்கனத்தை மெச்சுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. வயிற்றைக் காயப்போடுவது சிக்கனம் ஆகாது. அதை அவர் மருந்துக் கடையில் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

“சாப்பிட்டாயா?” என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். “இன்றைக்கு மெஸ்ஸில் என்ன போட்டார்கள்?” என்று கேளுங்கள். தடுமாறினால் அவர் மெஸ்ஸுக்கே போகவில்லை என்று அறிந்துகொள்ளலாம். மெஸ் கணக்கை நிறுத்திவிட்டு வெளியில் ஒருவேளை மட்டும் சாப்பிடுவது மலிவு என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மெஸ்தான் மலிவு. ஊருக்கு வரும் நாட்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் பல விடுதிகளில் அந்நாட்களுக்கான தொகையைக் கழித்துக்கொள்வார்கள். அதை அவர் செய்கிறாரா என்று கேளுங்கள். பில்லை நிலுவையில் போட்டுக்கொண்டே போனால், ஆய்வேடு சமர்ப்பிக்கும்போது ‘நிலுவை இல்லை’ என்ற சான்றிதழுக்காக அத்தனையையும் ஒரே மூச்சில் கட்ட நேரும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

பணம் வாங்க மறுப்பவர் பொடியை மறுக்கமாட்டார். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஆகிய மூன்றும் மெஸ் சோற்றை எந்த நாளும் உள்ளே இறக்கும். அவற்றோடு ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் கொடுத்தனுப்புங்கள். உங்களுக்கு நான் செய்முறை சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். இருந்தாலும் வெகுநாள் தாங்க வேண்டும் என்பதால் இரண்டு வார்த்தை. புளித்தண்ணீர் நன்றாகச் சுண்டி, கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடி தெரியும் பதம் வந்து, நல்லெண்ணெய் ஓரமெல்லாம் பிரிந்து நிற்கும்வரை அடுப்பை அணைக்காதீர்கள். முழுக்க ஆறிய பிறகே ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மேலே விரல் அளவு எண்ணெய் மிதக்க விடுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடக்கூடாது என்று மகனிடமும், முக்கியமாக அவருடைய அறைத்தோழரிடமும் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டிலைப் பாதிக்கு மேல் காலி செய்யப்போவது அவர்தான்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஹாஸ்டல் அறையில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். மாலுக்குப் போனால் 1,000 ரூபாய் பறந்துவிடுகிறது. சென்னையில் காசில்லாமல் பொழுதைப் போக்க வழியுண்டா?
— பொறியியல் ஆய்வு மாணவர், கிண்டி

பதில்: கிண்டியில் இருந்துகொண்டா இப்படிக் கேட்கிறீர்கள்? அடுத்த தெருவென்று சொல்லத்தக்க தொலைவில், கோட்டூர்புரத்தில், 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. உங்கள் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு. மே மாத வெயிலில் குளிர்சாதன அறையில் காசில்லாமல் உட்கார அதைவிட நல்ல இடம் கிடைக்காது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். நுழைவுக் கட்டணம் சொற்பம்தான். பொறியியல் படிப்பவர் என்பதால் சொல்கிறேன்: திருவாலங்காட்டு நடராசரின் முன் நின்று, தூக்கிய காலையும் வீசிய கையையும் வைத்துக்கொண்டு எடை எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் அங்கே விடுமுறை.

டிசம்பரில் பல சபாக்களில் காலையும் பிற்பகலும் இளம் கலைஞர்களின் கச்சேரிகளை டிக்கெட் இல்லாமல் கேட்கலாம்; மாலைக் கச்சேரிக்குத்தான் காசு. இலவசக் கச்சேரி கேட்கப் போய்விட்டு கேன்டீனில் பர்ஸைக் காலி செய்துவிட்டு வருவது இந்த ஊர் வழக்கம் என்பதால், இலைச் சாப்பாட்டை சீசனுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் புத்தகக் காட்சி வந்துவிடும். அரங்குகளில் 10 விழுக்காடு தள்ளுபடி வழக்கமாக உண்டு. சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் கடைகளில் தள்ளுபடிக்கு முன்பே விலை மலிவு.

கேள்வி: மதுரையில் அறை எடுத்துத் தங்கி ஆய்வேடு எழுதுகிறேன். அறையில் மின்விசிறி மட்டும்தான். பகலில் எழுத முடியவில்லை. ஏசி வாடகைக்கு எடுக்கலாமா?
— ஆய்வு மாணவர், மதுரை

பதில்: வேண்டாம். வாடகையைவிட மின்கட்டணம் உங்களை விழுங்கிவிடும். 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் புதுநத்தம் சாலையில் இருக்கிறது. பகலை அங்கே கழித்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு அறைக்குத் திரும்புங்கள். வழியில் ஒரு ஜிகர்தண்டாவுக்கு நான் தடை சொல்லவில்லை.

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு வாய்மொழித் தேர்வு. தேர்வு முடிந்ததும் துறை முழுவதற்கும் விருந்து வைப்பது எங்கள் துறையில் வழக்கம். சீனியர் ஒருவர் 30,000 ரூபாய் கடன் வாங்கிச் செய்தார். உதவித்தொகையும் முடிந்துவிட்டது. விருந்து வைக்காவிட்டால் கைடு (ஆய்வு வழிகாட்டி) வருத்தப்படுவாரோ?
— ஆய்வு மாணவி, கோவை

பதில்: ஐந்து ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்துச் சிக்கனமாக வாழ்ந்த பிள்ளையை ஒரே மத்தியானத்தில் கடனாளியாக்கும் இந்த வழக்கத்தைத் துறைத்தலைவர்களே முன்வந்து நிறுத்த வேண்டும். எந்த விதியிலும் இது இல்லை. வாய்மொழித் தேர்வு என்பது தேர்வு, கல்யாணம் அல்ல.

கைடிடம் நேரில் சென்று, “ஐயா, இப்போது என்னால் டீயும் பலகாரமும்தான் முடியும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல ஆசிரியராக இருந்தால் நிம்மதியடைவார். முகம் சுளித்தாலும் அதற்காகப் பட்டம் நின்றுவிடாது. ஆளுக்கு ஒரு லட்டு, ஒரு கைப்பிடி மிக்சர், சூடான வடை ஒன்று, டீ. நாற்பது பேருக்கு என்றாலும் சில ஆயிரத்துக்குள் கௌரவமாக முடிந்துவிடும். துறையில் பெருக்கும் அம்மாவுக்கும் நூலக உதவியாளருக்கும் முதலில் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் அவர்கள் விடுபட்டுப் போவதுதான் வழக்கம். இலை போட்டுச் சாப்பாடு போட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கே இருந்தால், வேலை கிடைத்து இரண்டு சம்பளம் வாங்கிய பிறகு வீட்டுக்குக் கூப்பிட்டுப் போடுங்கள். அந்தச் சீனியரையும் மறக்காமல் கூப்பிடுங்கள்.