பெல் திருடினாரா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் பெல் இல்லை, மெயுச்சி என்ற ஏழை இத்தாலியர், பெல் அதைத் திருடிவிட்டார், இதை அமெரிக்க அரசே 2002இல் ஒப்புக்கொண்டது என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சொல்லி, புத்தகத்தில் மட்டும் ஏன் பெல் பெயர் என்று கேட்கிறார்கள். எலிஷா கிரே என்று இன்னொரு பெயரும் அடிபடுகிறது. என்ன பதில் சொல்வது?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

முதலில் அந்த 2002 சமாச்சாரம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை அந்த ஆண்டு ஜூன் 11 அன்று ஒரு தீர்மானம் போட்டது உண்மை. தொலைபேசிக் கண்டுபிடிப்பில் மெயுச்சியின் உழைப்புக்கு அங்கீகாரம் தரவேண்டும் என்பதுதான் அதன் சாரம். அவரே கண்டுபிடித்தார் என்றோ, பெல்லின் காப்புரிமை செல்லாது என்றோ அதில் இல்லை. சில நாட்களிலேயே கனடா நாடாளுமன்றம், பெல்தான் கண்டுபிடித்தார் என்று பதிலுக்கு ஒரு தீர்மானம் போட்டது. பெல் குடும்பம் அங்கே வாழ்ந்ததாயிற்றே. இதெல்லாம் கை தூக்கி முடிவு செய்கிற காரியமா?

அந்தோனியோ மெயுச்சியின் வறுமை பொய்யில்லை. நியூயார்க்கை ஒட்டிய ஸ்டேட்டன் தீவில், நோயாளி மனைவியின் அறைக்கும் தன் பட்டறைக்கும் இடையே கம்பி இழுத்து ஏதோ ஒரு கருவி வைத்திருந்தார். 1871இல் காப்புரிமை அலுவலகத்தில் முன்னறிவிப்பு மனு ஒன்றைப் பதிந்தார், அதாவது இப்படி ஒரு கண்டுபிடிப்பில் இறங்கியிருக்கிறேன், முழு விண்ணப்பம் பிறகு வரும் என்று சொல்லிவைக்கிற மனு. அதைப் புதுப்பிக்க 10 டாலர் கட்டவேண்டும். 1874க்குப் பிறகு கட்டவில்லை. ஆனால் அந்த மனுவை வாசித்தால், குரல் எப்படி மின்சாரமாகிறது என்ற முக்கியமான இடத்தில் ஒன்றுமே இல்லை. 1887இல் அமெரிக்க நீதிமன்றமும் அவருடைய கருவி, நூல் கட்டிய டப்பா போன் மாதிரி அதிர்வைக் கடத்தியது என்றுதான் முடிவு செய்தது. அவர்மேல் இரக்கம் வருகிறது. அதற்காகப் புத்தகத்தை மாற்ற முடியாது.

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் கிரேயின் விஷயம் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. 1876 பிப்ரவரி 14, ஒரே நாளில் பெல்லின் விண்ணப்பமும் கிரேயின் முன்னறிவிப்பும் காப்புரிமை அலுவலகத்துக்கு வருகின்றன. மார்ச் 7இல் பெல்லுக்குக் காப்புரிமை எண் 174,465 கிடைக்கிறது. அதுவரை அவருடைய கருவியில் ஒரு முழு வார்த்தை தெளிவாகக் கேட்டதில்லை! மூன்று நாள் கழித்து, மார்ச் 10 அன்று, பாஸ்டனில் அடுத்த அறையில் இருந்த உதவியாளர் வாட்சனை அழைக்கிறார், அவருக்குக் கேட்கிறது. அன்று பேசிய கருவியில் அமிலம் கலந்த நீரில் ஒரு கம்பி தொட்டுக்கொண்டிருந்தது. கிரேயின் மனுவில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். போதாக்குறைக்கு, மனுவைப் பரிசீலித்த அதிகாரி 1886இல், கிரேயின் மனுவை பெல்லுக்குக் காட்டினேன் என்று சத்தியப் பிரமாணம் கொடுத்தார். சிக்கல் என்னவென்றால், அதற்கு முன் இதற்கு நேரெதிராகவும் அவரே சத்தியம் செய்திருந்தார்.

பெல்லுக்கு அந்த மனுவின் வாடை பட்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அவரைத் திருடர் என்று சொல்லமாட்டேன். மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பாமல், குரலின் ஏற்ற இறக்கத்தோடு தொடர்ந்து அலைபோல் ஓடவிட வேண்டும் என்பது அவர் சொந்தமாக வந்தடைந்த யோசனை. அமில நீரையோ அவரே கைவிட்டுவிட்டார். 1877இல் விற்பனைக்கு வந்த பெல் போனில் காந்தமும் சுருளும் தகடும்தான். அதே கருவியை வாயில் வைத்துக் கத்தவேண்டும், அப்புறம் காதுக்கு மாற்றிக் கேட்கவேண்டும்.

அந்தப் போனால் தூரத்துக்குப் பேச முடியாது. குரலின் பலமே மின்சாரத்தை உண்டாக்கவேண்டும். அது எவ்வளவு வந்துவிடும்? இங்கேதான் உங்கள் வாட்ஸப் செய்தி கண்டுகொள்ளாத ஆட்கள் வருகிறார்கள். 1877இல் எடிசனும் எமில் பெர்லினரும், பேட்டரியிலிருந்து மின்சாரத்தை ஓடவிட்டு, குரல் அதைக் கூட்டிக் குறைத்தால் போதும் என்ற வழிக்குத் திரும்பினார்கள். தண்ணீரை இறைப்பது வேறு, குழாயைத் திருகுவது வேறு இல்லையா? எடிசனின் ஆட்கள் மென்லோ பார்க் ஆய்வகத்தில் மண்ணெண்ணெய் விளக்குகளைப் புகையவிட்டு, சிம்னியில் படிந்த கரியைச் சுரண்டி, சட்டைப் பொத்தான்போல வில்லையாக அழுத்தினார்கள். தகடு அதிரும்போது கரி இறுகும், தளரும். இறுகினால் மின்சாரம் அதிகம், தளர்ந்தால் குறைவு. அடுத்த ஆண்டே ஹன்னிங்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வில்லைக்குப் பதிலாகக் கரித்துகளைப் போட்டார், இன்னும் நன்றாகக் கேட்டது. நூறு வருடம் உலகம் பேசியது ஏறக்குறைய அந்தத் துகளில்தான். நம் வீட்டுக் கறுப்பு போனில் குரல் கம்மினால் ரிசீவரை உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டுவோமே, அது கட்டிப்போன கரியை உதிர்க்கிற வைத்தியம்.

எடிசனுக்குப் பின்னால் இருந்தது வெஸ்டர்ன் யூனியன் என்ற தந்திக் கம்பெனி. பெல் தரப்பு அவர்கள்மேல் வழக்குப் போட, 1879 நவம்பரில் சமரசம். தந்திக்காரர்கள் தொலைபேசித் தொழிலைவிட்டு விலகி, வாடகையில் 20 சதவீதம் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகுதான் பெல்லின் காதும் (கேட்கும் பகுதி) எடிசனின் வாயும் (பேசும் பகுதி) ஒரே கம்பெனியின் சொத்தாயின. காப்புரிமை வழக்குகள் 1888இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோதுகூட பெல் ஜெயித்தது நாலுக்கு மூன்று என்ற கணக்கில்தான். எதிர்த்த மூன்று நீதிபதிகள் நம்பியது மெயுச்சியையும் இல்லை, கிரேயையும் இல்லை. டிராபா என்ற பென்சில்வேனியா கிராமத்து மெக்கானிக்கை!

ஆகவே பிள்ளைகளிடம், பெல் பெயர் இருக்கட்டும், பக்கத்தில் எடிசன், பெர்லினர், ஹன்னிங்ஸ் மூவரையும் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் காயலாங்கடையில் ஒரு பழைய போன் வாங்கி, ரிசீவரின் வாய்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் வட்டமான டப்பியைக் காதருகே குலுக்கினால் கரித்துகள் சலசலக்கும். ஒரு பேட்டரியும் மல்டிமீட்டரும் சேர்த்து இணைத்து, தகட்டை விரலால் லேசாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், முள் ஆடும். டயல் சுழற்றுகிற போனாகப் பார்த்து வாங்குங்கள். பிற்காலப் பட்டன் போன்களில் பெரும்பாலும் வேறு வகை மைக் இருக்கும், அதில் இந்தச் சோதனை எடுபடாது.