ஆங்கில பாஸிவ் வாய்ஸை, அதாவது செயப்பாட்டு வினையை, பேசிப் பழக எளிய வழி உண்டா?

உண்டு. வாக்கியங்களை மாற்றி மாற்றி எழுதுவதை விட, கையில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேசிப் பாருங்கள். கண்டுபிடிப்புகள் இதற்கு அருமையாகப் பொருந்தும். அங்கே பேச்சே பொருளைப் பற்றியது, கண்டுபிடித்தவர் பிறகுதான் வருகிறார்.

சேஃப்டி பின்னை எடுத்துக்கொள்வோம். ‘சேஃப்டி பின்னை வால்டர் ஹன்ட் கண்டுபிடித்தார்’ என்று தமிழில் பொருளை முதலில் வைத்தாலும் குழப்பமில்லை. ‘ஐ’ உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அந்த வசதி கிடையாது, வினைக்கு முன்னால் நிற்பதுதான் எழுவாய். ‘தி சேஃப்டி பின் இன்வென்டட்’ என்றால் சேஃப்டி பின்னே எதையோ கண்டுபிடித்ததாக ஆகிவிடும். அதனால்தான் ‘வாஸ்’ தேவைப்படுகிறது: ‘தி சேஃப்டி பின் வாஸ் பேட்டன்டட் பை வால்டர் ஹன்ட் இன் 1849.’ பேசும் வேகத்தில் பலரும் விழுங்கிவிடுவது இந்தச் சின்னச் சொல்லைத்தான். அதை மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்லிப் பழகுங்கள்.

சரி, அதே பின்னை வைத்தே நிகழ்காலத்துக்கு வாருங்கள். ‘இட் இஸ் மேட் ஆஃப் ஸ்டீல்.’ ‘இட் இஸ் யூஸ்ட் டு ஹோல்ட் க்ளாத் டுகெதர்.’ மேட், யூஸ்ட் என்ற வினையின் மூன்றாம் வடிவம் எந்தக் காலத்திலும் மாறாது. இஸ், வாஸ் மட்டுமே மாறும்.

‘பை’ எல்லா இடத்திலும் வேண்டாம். சக்கரத்தை உருவாக்கியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அங்கே ‘பை சம்படி’ என்று ஒட்டவைத்தால் வாக்கியம் கெட்டுப்போகும். ‘தி வீல் வாஸ் இன்வென்டட் தவுசண்ட்ஸ் ஆஃப் இயர்ஸ் அகோ’ என்றாலே போதும். 1876-ல் டெலிஃபோனுக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லைச் சொல்லும்போது ‘பை’ தாராளமாக வரட்டும்.

அப்புறம், ‘வென் வாஸ் இட் இன்வென்டட்?’ என்று கேட்க ஒரு நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. கேள்வியில் ‘வாஸ்’ முன்னால் நகர்வது அப்போது தானாகவே வாயில் படிந்துவிடும்.