தோற்ற அணியின் ஆட்கள்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கம் ஒரு ஊரில் பூத் கமிட்டியில் இருக்கிறேன். எந்தக் கட்சி என்பது வேண்டாம். போன தேர்தலில் நாங்கள் எதிர்பார்த்தவருக்கு சீட் கிடைக்கவில்லை. ஒன்றியத்தில் பாதிப் பேர் வேலைக்கே வரவில்லை. மேடையில் எல்லோரும் கை கோத்து நின்றார்கள். ஊருக்குள் பூத் ஸ்லிப் கொடுக்க ஆள் இல்லை. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவும் ஹிலாரியும் மாதக்கணக்கில் மோதிவிட்டு எப்படி ஒன்று சேர்ந்தார்கள்? கிளை அளவில் இருக்கிற எங்களுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஸ்லிப் கொடுக்க ஆள் இல்லை என்ற வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. டெல்டாவில் எத்தனையோ ஊர்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இருவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதுதான் போட்டி. 2008 ஜூன் 7 அன்று ஹிலாரி விலகினார். அந்த மாதக் கடைசியில், அவருடைய பிரசாரக் கடனை அடைக்க ஒபாமா தன் பங்காக 2,300 டாலருக்குக் காசோலை கொடுத்தார். ஒருவர் தரச் சட்டம் அனுமதித்த உச்சத் தொகை அது. மறுநாள் இருவரும் நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சிற்றூரில் ஒரே மேடையில் நின்றார்கள். யூனிட்டி என்றால் ஒற்றுமை. ஆனால் பெயருக்காக மட்டும் அந்த ஊருக்குப் போகவில்லை. ஜனவரியில் நடந்த உட்கட்சித் தேர்தலில் அங்கே இருவருக்கும் ஆளுக்குச் சரியாக 107 ஓட்டு. ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில், ஒபாமாவையே ஒருமனதாக அறிவிக்கலாம் என்று ஹிலாரியே முன்மொழிந்தார்.

இதெல்லாம் மேடை. 2016-லும் இதே மேடை இருந்தது. அந்த முறை ஹிலாரியிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸும் எழுந்து அவரை அப்படித்தான் முன்மொழிந்தார். ஆனால் மாநாட்டுக்கு முன்பே கட்சி அலுவலக மின்னஞ்சல்கள் வெளியாகி, நடுவராக இருக்க வேண்டியவர்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது தெரிந்துபோனது. தேசியக் குழுத் தலைவர் பதவி விலகினார். தோற்றவர்களின் மனம் அதற்குப் பிறகு முழுதாக ஆறவில்லை.

2008-ல் பாதிக்கு மேல் வேலை கீழேயே முடிந்திருந்தது என்று நினைக்கிறேன். அயோவாவில் அப்போது ஜனநாயகக் கட்சியினர் ஓட்டுச் சீட்டில் குத்திவிட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் கூடி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை என்று பிரிந்து நின்றார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் சேராத மூலை கலைந்துவிடும். அங்கே நின்றவர்கள் இரண்டாம் சுற்றில் வேறு மூலைக்குப் போகலாம். யோசித்துப் பாருங்கள்: முதல் சுற்றில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரை இரண்டாம் சுற்றில் எந்த முகத்தோடு கூப்பிடுவது? போட்டியாளரின் ஆளிடமும் தன்மையாகப் பேசும் பழக்கத்தை அந்த முறையே ஏற்படுத்தியது.

ஒபாமா பக்கம் இன்னொரு கணக்கும் போட்டார்கள். பிப்ரவரி 5 அன்று ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் போட்டி. மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளில், நியூ ஜெர்சி என்ற பெரிய மாநிலத்தில் ஹிலாரிக்கு 59, ஒபாமாவுக்கு 48. இடாஹோ என்ற சின்ன மாநிலத்தில், அதிபர் தேர்தலில் அந்தக் கட்சி வழக்கமாகத் தோற்கிற இடத்தில், ஒபாமாவுக்கு 15, ஹிலாரிக்கு 3. பெரிய ஊரில் ஹிலாரிக்கு 11 மிச்சம். யாரும் எட்டிப் பார்க்காத ஊரில் ஒபாமாவுக்கு 12 மிச்சம். தலைஞாயிறு பக்கத்து விவசாயியிடம் இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார். மேட்டூர் திறந்த செய்தி கேட்டதும் கடைமடைக்காரர் கேட்பது ஒன்றுதான்: வாய்க்கால் தூர் வாரியாச்சா?

அந்தத் தூர்வாரலை 2005-ல் தொடங்கியவர் ஹோவர்ட் டீன். 2004-ல் வேட்பாளராக முயன்று தோற்றவர். கட்சித் தலைவரானதும், ஜெயிக்கும் மாநிலம், தோற்கும் மாநிலம் என்று பார்க்காமல் ஐம்பதிலும் சம்பள ஊழியர்களைப் போட்டார். வீண்செலவு என்று கட்சிக்குள்ளேயே சண்டை வந்தது. 2008-ல் இண்டியானாவும் வர்ஜீனியாவும் 1964-க்குப் பிறகு முதல்முறையாக அந்தக் கட்சிக்கு வந்தன.

ஒபாமாவின் தொண்டர்களைப் பழக்கியவர்களில் ஒருவர் மார்ஷல் கான்ஸ். கலிபோர்னியாவில் சீசர் சாவேஸோடு பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் பதினாறு வருடம் கிடந்தவர். தலைவர் புகழைப் பாடிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போகாதே, நீ ஏன் வந்தாய் என்ற உன் கதையிலிருந்து பேசு என்பது அவர் பாடம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு பி. சீனிவாசராவ் நினைவுக்கு வருவார். கன்னடம் தாய்மொழி, 1940-களில் கீழத்தஞ்சைக்கு வந்து, சேரியில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பண்ணையாட்களைச் சங்கமாக்கினார். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்தத் திண்ணைப் பேச்சுகள் இருந்தன. அமெரிக்காவிலிருந்து கற்றுக்கொள்ளும் முன்பு நம் மண்ணிலும் இது இருந்தது தம்பி.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அங்கே தோற்றவருக்குத் தன் பக்கம் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டினார்கள். இங்கே சென்னையிலிருந்து ஒரு பட்டியல் வருகிறது. யாரிடம் தோற்றோம், எதனால் தோற்றோம் என்றே தெரியவில்லை. உங்கள் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்ததை நான் துரோகம் என்று சொல்ல மாட்டேன். அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதை மாற்ற உங்கள் கிளையால் முடியாது. கட்சிக்குள் உண்மையான தேர்தல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் கிளைக்குள் முடிகிறது ஒன்று உண்டு. என் இருபத்திரண்டாம் வயதில், கும்பகோணம் பக்கம், எங்கள் அணி ஆளுக்கு சீட் இல்லை என்று ஆனது. அன்றைக்கு ராத்திரி எதிரணியைச் சேர்ந்த கிளைச் செயலாளர் எங்கள் திண்ணைக்கு வந்தார். சமாதானம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. வாக்காளர் பட்டியலை நீட்டி, "மேலத்தெரு உங்க பொறுப்பு தம்பி, உங்களுக்குத்தான் அங்க எல்லாரையும் தெரியும்" என்றார். மறுநாள் காலையில் நான் மேலத்தெருவில் இருந்தேன்.

ஒபாமாவின் அந்தப் படையும் பிறகு கவனிப்பில்லாமல் தளர்ந்தது. 2010-ல் கட்சி அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 63 இடங்களை இழந்தது. அதனால் அடுத்த தேர்தல் வரட்டும் என்று இருக்காதீர்கள். சம்பா நடவு முடிந்த கையோடு, வராமல் போனவர்களில் மூன்று பேர் வீட்டுக்குப் பட்டியலோடு போங்கள். அவரவர் தெருவில் இறந்தவர் யார், பதினெட்டு முடிந்தவர் யார், திருப்பூருக்குப் போய்விட்டவர் யார் என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். போன தேர்தலைப் பற்றி அவர்கள் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.