தூத்துக்குடியில் இருந்து டிக்கெட், மணியாச்சியில் ஏறலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஒட்டப்பிடாரம் பக்கம். வயதான அம்மா, அப்பாவை முத்துநகர் எக்ஸ்பிரசில் சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டும். வாஞ்சி மணியாச்சியில் இருந்து போட்டால் வெயிட்டிங் லிஸ்ட் வருகிறது. அதே தேதிக்குத் தூத்துக்குடியில் இருந்து போட்டால் இடம் காட்டுகிறது. அப்படி எடுத்துவிட்டு மணியாச்சியில் ஏறினால் அபராதம் போடுவார்களா? “அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, சும்மா ஏறிருங்க” என்கிறார் டிக்கெட் போட்டுத் தருகிற டிராவல்ஸ்காரர்.

பதில்: அபராதம் கிடையாது. ஆனால் அவர் சொல்கிற மாதிரி சும்மா ஏறக் கூடாது. டிக்கெட்டில் ஏறும் இடம் தூத்துக்குடி என்று இருந்து, அங்கே நீங்கள் ஏறவில்லை என்றால், ஆள் வரவில்லை என்று குறித்துவிட்டு உங்கள் பெர்த்தை ஆர்.ஏ.சி.யில் (உட்கார மட்டும் இடம் கிடைத்து, பெர்த்துக்குக் காத்திருப்பது) இருப்பவருக்கு டிக்கெட் பரிசோதகர் கொடுத்துவிடலாம். அப்புறம் ராத்திரி முழுக்க வாக்குவாதம்தான்.

முன்பதிவு வேலையில் பல வருடம் இருந்தவன் நான். ஒரு ராத்திரி மணியாச்சியில் ஒரு பெரியவர் ஏறினார். கையில் பனங்கிழங்குக் கட்டு, பின்னால் முழங்கால் வலியோடு அவர் மனைவி. பெர்த்தில் வேறொருவர் போர்வை விரித்துப் படுத்திருந்தார். பெரியவர் காட்டிய டிக்கெட்டில் ஏறும் இடம் தூத்துக்குடி. புரோக்கர் அதை மாற்றவே இல்லை. அதில் பதிந்திருந்த செல்போன் எண்ணும் புரோக்கருடையதுதான். நடு ராத்திரியில் அவரை எங்கே போய்த் தேட?

செய்ய வேண்டியது சின்ன வேலை. டிக்கெட் தூத்துக்குடியில் இருந்து இருக்கட்டும், ஏறும் இடத்தை மட்டும் மணியாச்சி என்று போடுங்கள். கவுன்டரில் கொடுக்கும் படிவத்திலேயே அதற்கு ஒரு இடம் உண்டு. கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் அதை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஊர் ஜனங்கள் அதை நிரப்பாமல் விடுவதில் என்ன ஆச்சரியம்? கவுன்டரில் இருப்பவராவது ஒரு வார்த்தை கேட்கலாம், கேட்பதில்லை. செல்போனில் எடுத்தால் ‘போர்டிங் ஸ்டேஷன்’ என்ற இடத்தில் மாற்றலாம். டிக்கெட் எடுத்த பிறகும், சார்ட் (யாருக்கு எந்த இடம் என்ற கடைசிப் பட்டியல்) போடும் முன்பு வரை மாற்றலாம். முன்பெல்லாம் வண்டி கிளம்ப 4 மணி நேரம் இருக்கும்போதுதான் சார்ட் போடுவார்கள். இப்போது அதற்கும் வெகு நேரம் முன்பே போட்டுவிடுகிறார்கள். அதனால் முந்தின நாளே முடித்துவிடுங்கள். கட்டணம் தூத்துக்குடியில் இருந்துதான் கணக்கு. மணியாச்சி வரைக்குமான அந்தச் சுமார் 30 கிலோமீட்டருக்குப் பணம் திரும்ப வராது, வித்தியாசமும் பெரிதாக இருக்காது.

ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். மணியாச்சி என்று மாற்றிய பிறகு தூத்துக்குடியில் ஏறும் உரிமை போய்விடும். நிறையப் பேர் மாட்டுவது இங்கேதான். மாற்றியாயிற்று. கிளம்புகிற அன்று தூத்துக்குடியில் சித்தி வீட்டுக்குப் போகிறீர்கள். சாப்பிட்டு முடித்ததும் “இங்கேயே ஏறிக்கலாமே, எதுக்கு மணியாச்சி வரைக்கும்” என்று தோன்றும். ஏறினால், மணியாச்சி வரைக்கும் டிக்கெட் இல்லாத ஆள் கணக்கு. அந்தத் தூரத்துக்குக் கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டும். முழு தூரத்துக்கும் பணம் கட்டியிருக்கிறேனே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான், விதி கேட்காது. ஆகவே எங்கே ஏறுவது என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்த பிறகு மாற்றுங்கள்.

மணியாச்சி இரண்டு பாதை சேருகிற ஜங்ஷன். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் திருநெல்வேலியில் இருந்து வந்து, தூத்துக்குடியில் இருந்து வரும் போட் மெயிலுக்காக இங்கேதான் ரயில் பெட்டியில் காத்திருந்தார். வாஞ்சிநாதன் அவரைச் சுட்டது அப்போது. இன்றைக்கும் ஒரு வண்டி நெல்லைப் பக்கம் இருந்து வரும், ஒரு வண்டி தூத்துக்குடிப் பக்கம் இருந்து வரும். நெல்லை எக்ஸ்பிரசுக்கு இதே வழியைப் பின்பற்றினால் திருநெல்வேலியில் இருந்து எடுக்க வேண்டும். ஸ்டேஷன் குறியீட்டைப் பாருங்கள்: தூத்துக்குடிக்கு டி.என்., திருநெல்வேலிக்கு டி.இ.என். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இதைக் குழப்பித் தவறான ஊரில் இருந்து தேடி, “இடமே இல்லை” என்று புரோக்கரிடம் ஓடியவர்கள் எத்தனையோ பேர்.

அந்த டிராவல்ஸ்காரர் விஷயத்துக்கு வருகிறேன். சொந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்து லாபத்துக்கு விற்பது ரயில்வே சட்டம் 143-ஆவது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். உங்களுக்கு வரும் நஷ்டம் வேறு. அவர் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தால் குறுஞ்செய்தி அவருக்குப் போகும். ரத்து செய்தால் பணமும் அவர் கணக்குக்குத்தான் போகும். யாரிடம் எடுத்தாலும் உங்கள் செல்போன் எண்ணைப் போடச் சொல்லுங்கள். போடத் தயங்குகிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

டிக்கெட் கைக்கு வந்ததும் ஏறும் இடத்தில் எம்.இ.ஜே. என்று இருக்கிறதா பாருங்கள். அதுதான் மணியாச்சி. டி.என். என்றே இருந்தால் இன்னும் மாறவில்லை, அன்றைக்கே மாற்றுங்கள்.