அப்பாவின் மூச்சிரைப்பும் பழைய கூரைத் தகடும்

தம்பி, கூரைத் தகடு அறுக்கும் வேலையை அப்பா விட்டு முப்பது ஆண்டுகள் ஆகியும் இப்போது ஏன் மூச்சிரைக்கிறது என்று டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருந்தீர்கள். அந்தத் தகட்டில் கலந்திருந்த ஆஸ்பெஸ்டாஸ் என்ற கனிம இழை, அறுக்கும்போது தூசியாய் நுரையீரலுக்குள் போனால் எளிதில் கரையாது. நுரையீரலைத் துப்புரவு செய்யும் செல்கள் அதை விழுங்கப் பார்க்கும். ஊசிபோல் நீண்ட இழை அவற்றுக்குள் அடங்காது. விழுங்க முடியாமல் தோற்றுப்போன செல்கள் அழற்சிப் பொருள்களைக் கக்கிக்கொண்டே மடிகின்றன. அந்த இடம் தழும்பேறி இறுகுகிறது, மரபணுவும் சிதையலாம். நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும்.

நம் தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணச் சுரங்கத்து நீல ஆஸ்பெஸ்டாஸால் நுரையீரல் உறையில் புற்றுநோய் வருவது 1960-லேயே வெளியானது. நம் நாட்டில் தடை வந்ததோ 2008-இல். நினைத்தால் வயிறு எரிகிறது.

டாக்டரிடம் அந்தப் பழைய வேலையை முதலில் சொல்லுங்கள், சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். அப்பா புகைபிடிப்பவரானால் இன்றே நிறுத்தட்டும். வீட்டுக் கூரையும் அதே தகடென்றால் துளையிடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள்.